பேட்ச் மாறும்போது ஒலி அறாமல் இருக்க

பெட்டிகளை (ஆப்ஜெக்டுகளை) இணைத்து ஒலி உருவாக்கும் பியூர் டேட்டா மென்பொருளில் வாசிக்கிறவன் நான். பாட்டுக்குப் பாட்டு சின்த் (ஒலியை உருவாக்கும் கருவி) மாறும். முன்பெல்லாம் அடுத்த பேட்சை, அதாவது அடுத்த சின்த் இருக்கும் கோப்பை, வாசிப்பின் நடுவிலேயே மெசேஜ் அனுப்பி ஏற்றுவேன். ரீவெர்ப் (எதிரொலி) மெல்ல அடங்கிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில் 'டப்' என்று ஒரு வெட்டு விழும். அதைக் கேட்டால் மனசே விட்டுப்போகும்.

பியூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு அளவீடு) கொண்ட பிளாக்குகளாகக் கணக்கிடுகிறது. 44,100 ஹெர்ட்ஸில் ஒரு பிளாக் 1.45 மில்லி விநாடிதான். மெசேஜ் வேலைகளும் அதே த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் வரிசையில்), பிளாக்குகளுக்கு நடுவே நடக்கின்றன. கோப்பைப் படித்து முடிக்கும்வரை ஒலி காத்திருக்கும். அதோடு, புதிதாக ஒரு டில்டே ஆப்ஜெக்ட் (பெயரின் முடிவில் ~ உள்ள, ஒலியைக் கையாளும் பெட்டி) வந்தாலே மொத்த டிஎஸ்பி சங்கிலியும், அதாவது ஒலிக் கணக்கீடுகளின் வரிசையும், மறுபடி அடுக்கப்படும். ஏற்றுவது சின்னதுதானே என்று நினைக்காதீர்கள், ஏற்கெனவே ஓடுவது எவ்வளவு பெரியது என்பதுதான் கணக்கு.

அதனால் வாசிக்கும்போது எதையும் ஏற்றாதீர்கள். எல்லா சின்த்தையும் ஆரம்பத்திலேயே திறந்து வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுவிட்ச்~ (ஒலிக் கணக்கீட்டை நிறுத்தவும் தொடங்கவும் உதவும் ஆப்ஜெக்ட்) போடுங்கள். 0 அனுப்பினால் அந்த சப்பேட்ச் (பேட்சுக்குள் இருக்கும் பேட்ச்) சிபியுவைத் தின்னாது. 1 அனுப்பினால் சங்கிலியைக் கலைக்காமல் உயிர்பெறும். ஒரே சின்த்தின் பல குரல்கள் வேண்டுமென்றால், பல பிரதிகளை உருவாக்கும் குளோன் ஆப்ஜெக்ட் இருக்கிறது.

அணைப்பதில் அவசரம் வேண்டாம். மதிப்பைப் படிப்படியாக மாற்றும் லைன்~ கொண்டு 20 மில்லி விநாடியில் ஒலியளவைச் சுழிக்கு இறக்கி, 30 மில்லி விநாடி கழித்து சுவிட்ச்~க்கு 0 அனுப்புங்கள். நேரே அணைத்தால் அதுவே 'டிக்' என்று கேட்கும். இன்னொன்று, டிலே லைனில் (ஒலியைச் சேர்த்துவைத்துத் தாமதமாகத் தரும் இடத்தில்) பழைய ஒலி அப்படியே தங்கியிருக்கும். அடுத்த முறை திறந்ததும் போன பாட்டின் மிச்சம் வெளியே வரும்! திறக்கும் முன், அந்த லைனில் எழுதும் டெல்ரைட்~டுக்கு கிளியர் அனுப்பிவிடுங்கள்.

நடுவில் உருவாக்கியே ஆகவேண்டுமா? சரி, ஆப்ஜெக்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பாதீர்கள். ஒவ்வொரு டில்டே ஆப்ஜெக்டுக்கும், ஒவ்வொரு ஒலி இணைப்புக்கும் சங்கிலி மறுபடி அடுக்கப்படும். முழுவதையும் ஒரு தனிக் கோப்பில் அப்ஸ்ட்ராக்ஷனாக (ஒரே ஆப்ஜெக்ட்போல் அழைக்கக்கூடிய பேட்சாக) வைத்து, ஒரே மெசேஜில் அழையுங்கள். ஆடியோ செட்டிங்ஸில் டிலேயை (ஒலி வெளிவரும் முன் காத்திருக்கும் நேரத்தை) கூட்டினாலும் வெட்டு மறையும். ஆனால் கீயை அழுத்தினால் ஒலி பின்தங்கி வரும். கையால் வாசிக்கிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அப்புறம் சாம்பிள் கோப்புகள், அதாவது பதிவுசெய்த ஒலிக்கோப்புகள். அவற்றை ஏற்றும் சவுண்ட்ஃபைலர் ஆப்ஜெக்ட் முழுக்கோப்பையும் படித்து முடிக்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். நீளமான கோப்புகளுக்கு, கோப்பிலிருந்து நேரே ஒலிக்கவைக்கும் ரீட்எஸ்எஃப்~ போடுங்கள். அது தனி த்ரெட்டில் படிக்கிறது. ஓபன் மெசேஜை முன்கூட்டியே அனுப்பி, நேரம் வந்ததும் 1 கொடுங்கள்.