வீட்டில் துணிப்பை அச்சிடுவோர் கவனத்திற்கு

காடாத் துணிப் பைகளில் வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து விற்பவர்கள், அச்சிடுவதற்கு முன் துணியிலுள்ள கஞ்சி முழுவதும் போகும்படி வெந்நீரில் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சியின் மேல் படிந்த நிறம் சலவையில் கஞ்சியோடு சேர்ந்தே போய்விடும். மை இறங்கும் திரையின் வலையான மெஷ், அங்குலத்துக்கு 80 முதல் 110 இழை கொண்டதாக இருந்தால் துணியில் அச்சிடப் பொருத்தமானது.

நம் ஊர் வெயிலில் பெரிய தொல்லை, நீர்சார்ந்த பிக்மென்ட் மை மெஷ் கண்களிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்வதுதான். ஒவ்வொரு பையை அச்சிட்டதும் திரையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஸ்குவீஜியை (மையை இழுத்துவிடும் ரப்பர் பட்டை) அழுத்தாமல் ஒருமுறை நகர்த்தி வடிவம் முழுவதையும் மையால் மூடி வைத்தால், அடுத்த பையை விரித்துச் சரிசெய்யும் நேரத்தில் கண்கள் அவ்வளவு எளிதில் காய்வதில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு வேலை செய்வது புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அவசியம். வேலை முடிந்த உடனே திரையை இருபுறமும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், ஏனெனில் மையிலுள்ள பைண்டர் (நிறத்தைத் துணியில் ஒட்டவைக்கும் பசை) இறுகிவிட்டால் திரையை மீட்பது மிகவும் கடினம்.

அச்சு நன்கு உலர்ந்த பின், மேலே மெல்லிய துணி ஒன்றை விரித்து, நீராவி இல்லாமல் பருத்திக்குரிய சூட்டில் மூன்று நான்கு நிமிடங்கள் தேய்த்தால் நிறம் நிலைக்கும். மாதிரிப் பை ஒன்றைத் துவைத்துப் பார்த்த பிறகே பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்ளுங்கள்.