"உம்மா சாரம் நெய்யிறா": ஆங்கில நிகழ்காலம் எழுதப் பழகுவோம்

மருதமுனைப் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் "உம்மா சாரம் நெய்யிறா" என்றாள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். "மை மதர் இஸ் வீவ்" என்று எழுதினாள். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால் மிச்சமெல்லாம் லேசு. ஆகவே வீவ் என்ற அந்த வினைச்சொல்லையே எடுப்போம்.

முதலில் சாதாரண நிகழ்காலம். தமிழில் நெய்கிறேன், நெய்கிறாய், நெய்கிறாள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கிலத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. ஐ, யூ, வீ, தே நான்குக்கும் வீவ்தான். ஹீ, ஷீ, இட் வந்தால், அல்லது மை மதர் போல ஒருவரை மட்டும் சொன்னால், கடைசியில் எஸ்: ஷீ வீவ்ஸ். நெய்வதில்லை என்று சொல்லும்போது அந்த எஸ் டூவோடு சேர்ந்து டஸ் ஆகிவிடும்: ஷீ டஸ் நொட் வீவ். வீவிலும் இன்னொரு எஸ் போடக் கூடாது.

இரண்டாவது, இப்போது நடந்துகொண்டிருப்பது. ஐ என்றால் அம், ஹீ, ஷீ, இட் என்றால் இஸ், மற்றதெல்லாம் ஆர். பிறகு வினையோடு ஐஎன்ஜி. வீவின் கடைசி ஈ எழுத்தை எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும்: ஷீ இஸ் வீவிங்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். "உம்மா நெய்யிறா" என்றால் அது அவவின் தொழில் என்றும் பொருள், இந்த நிமிடம் தறியில் இருக்கிறா என்றும் பொருள். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும், ஆங்கிலம் விடாது. எழுத முதல் உங்களையே கேளுங்கள்: அவ இப்போது குசினிக்குள் நின்றாலும் இந்த வசனம் உண்மையா? உண்மை என்றால் வீவ்ஸ். தறியை விட்டு எழும்பியதும் பொய்யாகிவிடும் என்றால் இஸ் வீவிங். அந்தப் பிள்ளை ஒன்றிலிருந்து வீவையும் மற்றதிலிருந்து இஸ்ஸையும் எடுத்துச் சேர்த்திருந்தாள்.

மூன்றாவது, நெய்து முடித்தது. ஹீ, ஷீ, இட் என்றால் ஹாஸ், மற்றவர்களுக்கு ஹாவ், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். வீவ், வோவ், வோவன். ஷீ ஹாஸ் வோவன் த்ரீ சாரோங்ஸ். "நேற்று மூன்று சாரம் நெய்திருக்கிறா" என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆனால் ஹாஸ் வோவனோடு யெஸ்டடே சேராது. நேற்று என்று வந்துவிட்டால் ஷீ வோவ் மட்டும்தான்.

நான்காவது, "காலை 6 மணியிலிருந்து நெய்துகொண்டிருக்கிறா". இஸ் வீவிங் என்று எழுதத்தான் கை போகும். தொடங்கிய நேரத்தைச் சொன்னதால் ஷீ ஹாஸ் பீன் வீவிங் சின்ஸ் சிக்ஸ் ஓக்ளொக். மூன்று மணித்தியாலமாக என்றால் சின்ஸ் இல்லை, ஃபோர் த்ரீ அவர்ஸ்.

சரி, இனி மட்டக்களப்பு வாவிக் கரைப் பிள்ளைகளுக்குக் கேட்ச். சீஎச்சில் முடிவதால் எஸ் போதாது, ஈஎஸ் வேண்டும்: கேட்சஸ். மூன்றாம் வடிவம் கோட். "மாமா மீன் பிடிக்கிறார்" என்பதை நான்கு விதமாகவும் கொப்பியில் எழுதுங்கள். முதல் இரண்டையும் எழுத முன் மாமா இப்போது தோணியில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.