புது சிமுலேட்டர் வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் விமான சிமுலேட்டரில் புதுப் பதிப்பு அறிவித்தாலே ஒரு குமுறல் கிளம்பும்: "காசு பார்க்கத்தான் பழைய ஆட்-ஆன்களை ஓடவிடாமல் செய்கிறார்கள்." ஆட்-ஆன் என்றால் சிமுலேட்டரில் தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானம், விமான நிலையம் போன்றவை. வருடக்கணக்கில் பணம் போட்டு இவற்றை வாங்கி வைத்தவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் காரணம் அது ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை எடுத்துக்கொள்வோம். அது 32 பிட் மென்பொருள். கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. ஆரம்பத்தில் அதுவே தாராளமாக இருந்தது. அப்புறம் நுணுக்கமான காக்பிட், தெளிவான தரைக்காட்சி, பெரிய விமான நிலையம் என்று ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற இடம் நெருக்கியது. மூன்று மணி நேரம் பறந்து, சக்கரத்தை இறக்கி, ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படுகிற நேரத்தில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியோடு எல்லாம் நின்றுவிடும். கடந்து வந்த இடங்களின் தரவு முழுதாக வெளியேறாமல் கிடக்க, அதன் மேல் இறங்கப்போகும் நிலையத்தின் கட்டடங்களும் வந்து உட்காரும். அதனால்தான் கடைசி ஐந்து நிமிடத்தில் இப்படி ஆனது. கூடுதல் ரேம் வாங்கிப் போட்டும் பலன் இல்லை.

இன்னும் அதிக நினைவகத்தைத் தொடக்கூடிய 64 பிட்டுக்கு மாறினால் இது தீரும். ஆனால் 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் (பல ஆட்-ஆன்கள் கூடவே கொண்டுவரும் துணை நிரல் கோப்பு) ஏறாது. லாக்ஹீட் மார்ட்டினின் ப்ரிப்பேர்டு என்ற சிமுலேட்டர் 2017-இல் நான்காம் பதிப்பில் 64 பிட்டுக்கு மாறியபோது, அப்படி எழுதப்பட்டிருந்த பழைய காக்பிட் கருவிகளை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. சில சமயம் சிமுலேட்டருக்குக் கீழே இருக்கும் தரையே, அதாவது கணினியின் இயங்குதளமே, நகர்ந்துவிடும். திரையில் காட்சிகளை வரைய மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக ஆப்பிள் 2018-இல் சொன்னது. அடுத்த வருடமே மேக்கில் 32 பிட் செயலிகள் ஓடுவது நின்றது. எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் காட்சிகளை வரைய அதே வேலையைச் செய்யும் புதியவையான வல்கனையும் மெட்டலையும் நம்பியிருப்பதற்குப் பின்னால் இந்த மாதிரி நெருக்கடிகளும் உண்டு.

இது புரிந்தால், பழைய ஆட்-ஆன் ஃபோல்டரை அப்படியே புதியதற்குள் நகலெடுக்கும் தவறைச் செய்ய மாட்டோம். விமானத்தின் வண்ணப்பூச்சு போல வெறும் படமாக இருப்பவை சில சமயம் தப்பிப் பிழைக்கும். உள்ளே நிரல் ஓடும் எதுவும் சந்தேகத்துக்குரியதே. ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒரு முறை பறந்து பாருங்கள், பிறகு அடுத்தது. மொத்தமாகக் கொட்டிவிட்டால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும்.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. வட்டில் இடம் வேண்டும் என்று புதியது வந்த அன்றே பழைய பதிப்பை நீக்கினேன். நான் மிகவும் விரும்பி ஓட்டிய டர்போபிராப் விமானம் புதியதற்கு வரவே இல்லை. திரும்ப நிறுவினால் ஜாய்ஸ்டிக் அமைப்புகள் எல்லாம் போயிருந்தன. எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை, லீவரில் எவ்வளவு அசைவு என்று பல மாலைகள் உட்கார்ந்து சரிசெய்தேன். இரண்டு பதிப்புகளையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். ஜாய்ஸ்டிக் அமைப்புக் கோப்பை வெளி வட்டில் நகலெடுங்கள், கூடவே உங்களுக்குப் பிடித்த அமைப்பை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கையில் டிஸ்க் இருக்கிறது, என்றைக்கும் ஓடும் என்று நம்புவதும் சரியல்ல. ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸின் மூலப் பதிப்பு இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்க கேம்ஸ்பை என்ற இணையச் சேவையை நம்பியிருந்தது. 2014-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோ தரைக்காட்சியையே இணையம் வழியாக இறக்கிக் காட்டுகிறது. அந்த சர்வர்கள் ஒருநாள் நின்றால் நம் வட்டில் மிஞ்சுவது கொஞ்சமே.

ஆட்-ஆன் வாங்கும் முன் எந்தப் பதிப்புக்கு என்பதையும், அடுத்த பதிப்புக்குத் தனிக் கட்டணமா என்பதையும் படித்துவிடுங்கள். புதுப் பதிப்பு வெளிவரும் தேதி தெரிந்துவிட்ட பிறகு பழையதற்காக விலையுயர்ந்த விமானம் வாங்க வேண்டாம். தயாரித்தவர் மாற்றித் தருவாரா என்று கேட்டு, பதில் வந்ததும் வாங்கலாம்.