வில்லால் தீக்கடையும்போது நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வளவில், விடுமுறை நாட்களில், ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வில்லால் தீக்கடையப் பழக்கி வருகிறேன். நெருப்புப்பெட்டியும் லைட்டரும் இல்லாமல், ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரத்தைச் சுழற்றி, அந்தச் சூட்டிலேயே கனலை எடுக்கும் வேலை இது. சங்கப் பாடல்களில் ஞெலிகோல் என்று வருவது இந்தத் தீக்கடைகோலைத்தான். யாகம் செய்பவர்கள் அரணி என்பார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பிழைகளைத்தான் விடுகிறார்கள். அவற்றில் பாதி, வில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தீ வரவில்லை என்றால் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். குறை பலத்தில் இருப்பதில்லை. வயலில் நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற ஒருவர் வியர்த்து ஒழுகிக் கைவிட்ட அதே பலகையில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று கனல் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரண்டு முனைகளையும் மாறி மாறி இழுக்க மத்து சுழலும். அந்த இரண்டு முனைகளையும் வளைந்த தடி ஒன்றில் கட்டிவிட்டால் ஒரு கையாலேயே இழுக்கலாம். அதுதான் வில். ஓடாவிமார், அதாவது தச்சர்கள், முன்பு பலகையில் துளை போட்டதும் இந்த முறையில்தான். மத்தின் இடத்தில் சுழல்வது கடைகோல்: பெருவிரல் மொத்தம், ஒரு சாண் நீளம். அது நிற்பது அடிப்பலகையில், அதாவது 2 சென்றிமீற்றர் அளவு தடிப்புள்ள தட்டையான துண்டில். கடைகோலின் தலையை மேலிருந்து அழுத்தக் கையில் பிடிப்பது அமுக்குக்கட்டை.

மரத்தில் விடும் பிழை

நல்ல விறகு எது என்று எங்கள் ஊரில் கேட்டால் வீரை, பாலை, முதிரை என்று சொல்வார்கள். அடுப்புக்கு அவை அருமையானவை. அதனால் பிள்ளைகளும் முதல் நாள் அவற்றைத்தான் கொண்டு வருகிறார்கள். கடைவதற்கு அவை உதவாது. அவ்வளவு வைரமான மரம் தேயத் தேயப் பளபளப்பாகுமே தவிரத் தூள் கொட்டாது. தூள் இல்லாவிட்டால் கனலும் இல்லை. கடற்கரைச் சவுக்கும் இந்த வகைதான். இதற்கு எதிர்ப்பக்கம் முருங்கை. அது அவ்வளவு மென்மையாக இருப்பதால் சூடேறும் முன்பே நொறுங்கிக் கொட்டிவிடும்.

காய்ந்த மரத்தில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். மெல்லிய தடம் விழ வேண்டும். நகம் புதைந்துவிடவும் கூடாது, தடமே விழாமல் வழுக்கவும் கூடாது. எனக்கு இதுவரை மிக நன்றாகக் கைகொடுத்தது நீர்ப்பருத்தி. பூவரசைப் போலவே மஞ்சள் பூ பூத்து, தண்ணீர்க் கரைகளில் வளரும் மரம். ஆற்றுப்பூவரசு என்றும் சொல்வார்கள். பசிபிக் தீவுகளில் இதே மரத்தை உரசித்தான் காலங்காலமாகத் தீ எடுத்தார்கள். அது கிடைக்காதபோது வேலிப் பூவரசின் பட்ட கொப்பைப் பயன்படுத்துகிறேன். கடைகோலையும் அடிப்பலகையையும் ஒரே கொப்பில் எடுத்தாலும் பிழையில்லை. தொடக்கத்தில் அதுவே இலகு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாவிக்கரையில் தடி தேடுகிறவர்கள் தில்லை மரத்தில் கைவைத்துவிடக் கூடாது. கண்டல் மரங்களோடு மரமாக நிற்கும், முறித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் சில நாட்களுக்குப் பார்வையே மங்கிப்போகலாம். எரித்தால் அதன் புகையும் கண்ணைத் தாக்கும். நாம் செய்யப்போவதோ முகத்தைக் கிட்டே வைத்துப் புகையை எழுப்பும் வேலை. எருக்கலைப் பாலும் கண்ணுக்கு ஆகாது, அலரி முழுவதும் நஞ்சு. என்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத தடியைப் பிள்ளைகள் கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பச்சைக் கண்டலை எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட வேண்டாம். அந்த வேர்களுக்குள்தான் வாவியின் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன.

ஈரலிப்பு

நிலத்தில் கிடக்கும் தடி காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் காய்ந்திருக்காது. மணலுக்கு அடியில் தண்ணீர் கிட்டத்தில் நிற்கும் ஊர் எங்களுடையது. கீழே கிடப்பது எல்லாம் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கொப்பைத் தேடுங்கள். முறித்தால் படக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிரக் கூடாது.

வெயிலில் நன்றாகக் காயவைத்த பலகையை இரவு திண்ணையில் விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வாவிக் காற்றே போதும், விடியும்போது பலகை ஈரலித்திருக்கும். மார்கழி மாரியில் கேட்கவே வேண்டாம். அம்மம்மா வீட்டில் அடுப்புக்கு மேல் ஒரு பரண் இருந்தது. விதைச் சோளனும் புளியும் அங்கேதான் இருக்கும். என் கடைகோல்களையும் இப்போது அப்படி ஒரு இடத்தில்தான் வைக்கிறேன். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் பழகத் தொடங்க நல்ல காலம். அப்போது மரம் தானாகவே காய்ந்து கிடக்கும்.

வாய் வெட்டு

இனி, அதிகம் பேர் தோற்கும் இடத்துக்கு வருகிறேன். அடிப்பலகையில் கடைகோல் சுழன்று ஒரு வட்டக் குழி விழும். அந்தக் குழியிலிருந்து பலகையின் விளிம்பு வரை ஆப்பு வடிவில் ஒரு வெட்டு வேண்டும். நாங்கள் அதை வாய் என்கிறோம். இந்த வாயை வெட்டாமலே கடைகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினாலும் பேருக்கு ஒரு கீறல் போட்டுவிட்டுக் கடைகிறவர்கள் அதைவிட அதிகம்.

குழிக்குள் தீப்பிடிக்கும் என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். அங்கே பிடிக்காது. கடைகோல் மரத்தைத் தேய்த்துத் தூளாக்குகிறது, கருக்கவும் செய்கிறது. அந்தச் சுடுதூள் வாய் வழியாக இறங்கிக் கீழே ஒரு சிறு குவியலாகச் சேர வேண்டும். குவியல் தன் சூட்டைத் தானே பொத்தி வைத்துக்கொள்ளும். மேலும் மேலும் சுடுதூள் விழ, ஏறக்குறைய 400 பாகை செல்சியஸ் சூட்டில் அந்தக் குவியலுக்குள்தான் கனல் பிறக்கும். வாய் இல்லாவிட்டால் தூள் குழியைச் சுற்றிச் சிதறி ஆறிவிடும். வாய் ஒடுக்கமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். மிக அகலமாக இருந்தால் தூள் ஒன்றுசேராமல் பரவிப்போகும், குழியும் உடையும்.

அளவு இதுதான்: குழியின் வட்டத்தை எட்டுத் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. கூர் முனை குழியின் நடுவை ஏறக்குறையத் தொட வேண்டும். இன்னொன்று, வாயை முதலே வெட்டிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் கடைந்து, கடைகோலின் அகலத்துக்குக் கருகிய குழி விழுந்த பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் நடு எது என்றே தெரியாது. குழியும் பலகையின் விளிம்புக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளிக் குழி போட்ட பிள்ளை, வாயை வெட்டி முடிக்கவே அரை நாள் எடுத்தது.

வாய்க்குக் கீழே காய்ந்த பனையோலைத் துண்டோ பலாச்சருகோ வையுங்கள். வெறும் மணலில் தூள் விழுந்தால் மணலின் ஈரம் அதைக் குளிர்த்திவிடும். பிறந்த கனலை அள்ளி எடுக்கவும் வழி இருக்காது.

கயிறும் சிரட்டையும்

தும்புக்கயிறு எங்கும் கிடைக்கிறது என்பதால் அதைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். மெல்லியதாக இருந்தால் நாலு இழுப்பில் தேய்ந்து அறும். தடித்த பருத்திக் கயிறு நல்லது. கடைகளில் விற்கும் வழுவழுப்பான பிளாஸ்ரிக் கயிறு கடைகோலைப் பிடிக்காமல் வழுக்கும், சூட்டில் உருகவும் செய்யும். கடைகோலை ஒரு சுற்றுச் சுற்றிப் பொருத்தும்போது, அது விட்டால் துள்ளிப் பாயும் அளவுக்குக் கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும்.

அமுக்குக்கட்டைக்குச் சிரட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு துண்டுச் சிரட்டையைக் கைக்கு அடக்கமான மரக்கட்டையில் பதித்து, கடைகோல் விலகாமல் நிற்கச் சின்னக் குழி ஒன்று தோண்டிக்கொள்ளுங்கள். கடைகோலின் மேல்முனை பென்சில்போலக் கூராகவும் கீழ்முனை மொட்டையாகவும் இருக்க வேண்டும். உராய்வு கீழேதான் தேவை, மேலே அல்ல. மேல்முனைக்குக் கொஞ்சம் சவர்க்காரமோ மெழுகுதிரியோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். பூசிய முனையை ஒருபோதும் கீழே மாற்றிப் போட வேண்டாம். எண்ணெய் ஏறிய குழி அன்றைக்கு வேலை செய்யாது. மேல்முனைக்கு ஒரு அடையாளக் கீறல் போட்டுக்கொண்டால் இந்தப் பிழையே வராது.

உட்காரும் முறை

கடைகோல் அடிக்கடி துள்ளி ஓடுகிறது என்றால் கையைத்தான் பார்க்க வேண்டும். இடது பாதத்தால் பலகையை மிதித்து, வலது முழங்காலை நிலத்தில் ஊன்றி, அமுக்குக்கட்டை பிடித்த கையின் மணிக்கட்டை இடது காலின் முன் எலும்போடு ஒட்டி வையுங்கள். கை அந்தரத்தில் இருந்தால் அது ஆடும், கடைகோலும் சேர்ந்து ஆடும். வில்லை நிலத்துக்குச் சமாந்தரமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாக இழுங்கள். நடுவிலேயே குட்டிக் குட்டியாக இழுப்பவர்களுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் சூடு குறைகிறது.

தொடக்கத்திலேயே மூச்சை முட்டி இழுக்கவும் வேண்டாம். முதலில் மெதுவாக, இலேசான அழுத்தத்தில் மரத்தைச் சூடாக்குங்கள். புகை தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் முனை கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டு முனையையும் குழியையும் கத்தியால் சுரண்டி, ஒரு சிட்டிகை காய்ந்த மணல் போட்டுத் தொடருங்கள்.

தூளைப் பார்ப்பது

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கை வலியைப் பார்க்காதே, தூளைப் பார். இளம் மண்ணிறத் தூள் என்றால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. பிசிறு பிசிறாக, சுருள் சுருளாக வந்தால் அழுத்தம் கூடிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது. தூளே வராமல் பளபளக்கிறது என்றால் மரம் வைரமானது, அல்லது எண்ணெய் இறங்கிவிட்டது. கோப்பித்தூள்போலக் கறுத்து, மென்மையாக, ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தால் எல்லாம் சரி. எந்தப் பிழையை விட்டோம் என்று வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, தூளிலேயே தெரியும்.

புகை வந்த பிறகு

புகையைக் கண்டதும் நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் மனம் நோகிற பிழை. கடைகோலடியில் வரும் புகை வேறு, தூள்குவியலிலிருந்து வரும் புகை வேறு. வாய் நிரம்பிப் புகை அடர்த்தியான பிறகும், இருபது இழுப்பாவது வேகமாக இழுங்கள். பிறகு கடைகோலை மெல்லத் தூக்குங்கள். குவியல் தானாகவே புகைந்துகொண்டிருந்தால் கனல் பிறந்துவிட்டது.

இப்போது அவசரமே இல்லை. நான் எடுத்த முதல் கனலை ஊதியே அழித்துவிட்டேன். ஒரே ஊதலில் தூள் பறந்துபோனது. அன்று விட்ட கண்ணீர் இப்போதும் நினைவில் இருக்கிறது. கனல் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். பலகையைக் கத்தி முனையால் மெல்லத் தட்டி விலக்கி, உள்ளங்கையால் விசிறி, குவியல் இறுகிச் சிவக்கும்வரை பொறுத்திருங்கள்.

தேங்காய்ப் பொச்சுத் தும்பு கனலை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் சுவாலைவிடத் தயங்கும். வெறும் பொச்சை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊதுகிறவர்கள் இதை அறிவதில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது நெருப்புப்பெட்டி எல்லாம் நனைந்துபோய், ஒரு வீட்டில் அணையாமல் இருந்த கனலைப் பொச்சுக்குள் வைத்துத்தான் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள் என்று அம்மம்மா சொல்வார். அதற்குத்தான் பொச்சு. சுவாலைக்கு வேறு வேண்டும். கசக்கிய பொச்சுத் தும்பை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் காய்ந்த இலுக்குப் புல்லையும் விரலால் கிழித்த வாழைச் சருகையும் குருவிக்கூடுபோல வளையுங்கள். கனலை நடுவில் இட்டு, கூட்டை இலேசாக மூடி, காற்றுக்கு முதுகு காட்டி, முகத்துக்குச் சற்று மேலே பிடித்து நீண்ட மூச்சாக ஊதுங்கள். இறுக்கிப் பொத்தினால் காற்றுப் போகாது.

தீ பிடித்ததும் கூட்டை வைக்க, புல் செதுக்கிய இடம் ஒன்றும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் முதலே தயாராக இருக்க வேண்டும். கச்சான் காலத்தில் மரம் காய்ந்திருப்பதுபோலவே வேலியும் கிடுகும் காய்ந்திருக்கும். காற்று பலமாக வீசும் பின்னேரங்களில் நான் பழக்குவதில்லை, விடியற்காலையில்தான். எல்லாம் முடிந்த பிறகு அடிப்பலகையின் குழிக்குள்ளும் வாய்க்குள்ளும் கொஞ்சம் தூள் புகைந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கத்தியால் சுரண்டிக் கொட்டி, புறங்கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே பலகையைப் பைக்குள் வையுங்கள். ஒரு பிள்ளையின் உரப்பை அப்படித்தான் நடுவழியில் ஓட்டையானது.