சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மைக்ரோஆர்என்ஏ: ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் முறை

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபின் இணையத்தில் தேடத் தொடங்குபவர்கள், மைக்ரோஆர்என்ஏ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அத்தகைய கட்டுரைகளை மிரளாமல் வாசிக்க ஒரு வழி உண்டு. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகில் அமர்த்திக்கொள்ளலாம்; தூது ஆர்என்ஏவைப் பற்றி, அதாவது புரதம் உருவாக்கும் குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துச்செல்லும் மூலக்கூறைப் பற்றி, அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மைக்ரோஆர்என்ஏ ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் அடிப்படை அலகு) நீளமுள்ள சிறு இழை. அது தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும் அல்லது குறைக்கும். 1993இல் புழுவொன்றில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது.

கட்டுரையைத் திறந்ததும், குறிப்பிட்ட மைக்ரோஆர்என்ஏ கட்டியில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அது எந்த மரபணுவை அடக்குகிறது என்று தேடுங்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். மிர்-21 (‘மிர்’ என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம்; எண் அதன் அடையாளம்) கூடினால், உயிரணுப் பெருக்கத்துக்குக் கடிவாளமாக உள்ள பிடென் என்னும் புரதம் குறைகிறது. மிர்-99ஏ, மிர்-100 குறைந்தால், வளர்ச்சியைத் தூண்டும் எஃப்ஜிஎஃப்ஆர்3 ஏற்பி பெருகுகிறது. ஒன்று கூடுவதும் மற்றவை குறைவதும் உயிரணுப் பெருக்கம் என்ற ஒரே விளைவைத் தருகின்றன.

புற்றுநோய் பரவுவதைப் பற்றிய கட்டுரை என்றால் மிர்-200 குடும்பத்தைத் தேடுங்கள். இக்குடும்பம் ஜெப்1, ஜெப்2 என்னும் புரதங்களை அடக்கி வைப்பதால், உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் நிலைத்திருக்கிறது. மிர்-200 குறையும்போது ஜெப் புரதங்கள் தலைதூக்கி, ஈ-கேட்ஹெரினைக் குறைக்க, பிணைப்பு தளர்ந்த உயிரணு தன் அடியிலுள்ள மென்படலத்தைத் துளைத்துத் தசையடுக்கை நோக்கி நகரும் இயல்பைப் பெறுகிறது. ஜெப்1 தன் பங்குக்கு மிர்-200ஐயும் அடக்குவதால், ஒருமுறை தராசு சாய்ந்தால் சாய்வு தானாகவே வலுக்கிறது.

மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பகுதியைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்; என் கருத்தில் அதையே இருமுறை வாசிக்க வேண்டும். மிர்-143, மிர்-145 இரண்டும் கட்டியில் குறைவு என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் இவை மென்தசை உயிரணுக்களிலும் இணைப்புத் திசுவிலும் மிகுதியாக இருப்பவை. ஒப்பிட எடுத்த நலமான திசுத் துண்டில் தசை கூடுதலாக இருந்தாலே, கட்டியில் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்த உயிரணுக்களில் மட்டும் சோதித்ததையும், நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததையும் ஒரே எடையில் வைக்கக்கூடாது.

சிறுநீரில் மைக்ரோஆர்என்ஏவை அளந்து நோயைக் கண்டறியும் முயற்சிகளைப் படிக்கும்போதும் இதே கவனம் தேவை. சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் உட்காணல் சோதனைக்கான நாளை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) உடனே செல்லுங்கள்.

கட்டுரையை மருத்துவரிடம் எடுத்துச் செல்வதாக இருந்தால், நோயறிக்கையில் கட்டி தசையை எட்டியதாக எழுதியிருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்து, ஆய்வில் சேர்க்கப்பட்ட கட்டிகளும் அதே நிலையில் இருந்தனவா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.