கம்ப்யூட்டருக்கு 5.1 ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் சப் ஊஃபரின் முதுகைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். புது மெஷின் எடுத்துப் போகிறவர்களில் பலர் கடைசியாகக் கேட்பது இதுதான்: "அண்ணா, நல்லதா ஒரு 5.1 சொல்லுங்க." எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்கும் முன்னால், எதற்கு என்று கேட்பேன். பாட்டா, படமா, கேமா? மூன்றுக்கும்தான் என்பார்கள். சரி, மூன்றுக்கும் ஒரே செட் போதும். ஆனால் எதற்கு அதிகம் என்று தெரிந்தால்தான் காசை எங்கே போடுவது என்று சொல்ல முடியும்.

5.1 என்பதற்குள் இருப்பது ஆறு தனித்தனிச் சத்தங்கள். முன்னால் இடது, வலது, நடுவில் ஒன்று, காதுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. புள்ளிக்குப் பின்னால் வரும் 1, அடித்தொனிக்கென்றே இருக்கும் பெரிய பெட்டியான சப் ஊஃபருக்கு உரியது. படங்களில் அந்தத் தடத்தில் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் மட்டும் இருக்கும். இடி, வெடி, லாரி உறுமல் எல்லாம் அங்கேதான். இந்த ஆறும் ஒன்றோடொன்று கலக்காமல் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கர் வரை வந்து சேர வேண்டும். வாங்குகிறவர்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான். நான் உட்கார்ந்து எழுதுவதும் இதற்காகத்தான்.

கடையில் சப் ஊஃபரைத் திருப்பி அதன் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்த விலை "5.1 ப்ளூடூத்" செட்டுகள் பலவற்றில் அங்கே இருப்பது ஒரு ஆக்ஸ் துளை (ஹெட்போன் பின் அளவுத் துளை), இல்லாவிட்டால் சிவப்பு வெள்ளை ஜோடி ஒன்று. அதாவது இரண்டு சத்தம் போக மட்டும் வழி. ப்ளூடூத்திலும் பாட்டு போகும் சாதாரண முறையில் இரண்டு சேனல்தான் (ஒரு தனிச் சத்தம் ஒரு சேனல்) போகும். பென் டிரைவில் போடும் எம்பி3 பாட்டும் இரண்டு சேனல். உள்ளே வந்த இரண்டையே ஒரு சர்க்யூட் பிரித்து ஐந்து பெட்டிக்கும் அனுப்பிவிடும். தருமபுரி சேலம் தனியார் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலிருந்து கடைசி சீட் வரை பெட்டிகள் இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதானே வருகிறது? அதே கதைதான். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து முன்னால் போகும் காட்சியில், இந்த செட்டில் அது நாலா பக்கமும் ஒன்றாகக் கத்தும்.

உண்மையான 5.1 என்றால் முதுகில் மூன்று 3.5 மி.மீ. துளைகள் இருக்கும்: பச்சை, கருப்பு, ஆரஞ்சு. ஒவ்வொன்றும் இரண்டு சத்தத்தைச் சுமக்கும். பச்சையில் முன்பக்கம், கருப்பில் பின்பக்கம், ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப் ஊஃபரும். சிலவற்றில் இதற்குப் பதிலாக ஆறு ஆர்சிஏ துளைகள் (மேலே சொன்ன சிவப்பு வெள்ளை ஜோடி மாதிரி) வரிசையாக இருக்கும். விலை கூடிய செட்டுகளில் சத்தத்தை ஒளியாகக் கொண்டு வரும் வயருக்கான ஆப்டிக்கல் துளையும் இருக்கும். லாஜிடெக் இசட்906 மாதிரி ஒன்றில் ஆறு சேனல் நேரடி இன்புட்டும் உண்டு, ஆப்டிக்கலும் உண்டு. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்பவை படத்தின் ஆறு சேனலையும் இடம் குறையச் சுருட்டி வைக்கும் முறைகள். இரண்டையும் அதுவே பிரித்துக்கொள்ளும்.

இனி கம்ப்யூட்டரின் முதுகு. பழைய மதர்போர்டுகளில் ஆறு வண்ணத் துளைகள் இருந்தன. இப்போது வருகிற விலை குறைந்த போர்டுகளில் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்றுதான். பயப்பட வேண்டாம். அந்த மூன்றையே 5.1-க்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல போர்டுகளில் ரியல்டெக் (போர்டிலுள்ள சவுண்ட் சிப்பின் கம்பெனி) மென்பொருளில் இருக்கிறது. மைக் துளை அந்த நேரத்தில் ஸ்பீக்கர் துளையாகிவிடும். போர்டின் கையேட்டில் எத்தனை சேனல் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். அதில் ஹெட்போன் துளை ஒன்றுதான். மூன்று அவுட்புட் துளை உள்ள வெளி யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: "7.1 சேனல்" என்று எழுதி, பெருவிரல் அளவில், ஒரு ஹெட்போன் துளையும் ஒரு மைக் துளையும் மட்டும் வைத்து விற்கும் யுஎஸ்பி குச்சியால் இந்த வேலை நடக்காது. வெளியே போக இரண்டு சேனலுக்குத்தான் அதில் வழி.

ஆப்டிக்கல் வயரைப் பற்றிப் பலருக்கும் பெரிய நம்பிக்கை. படத்துக்கு அது நன்றாகவே போதும், ஏனென்றால் படத்தின் ஒலி ஏற்கெனவே டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ சுருட்டப்பட்டிருக்கும். கேமில் சத்தம் அந்தந்த நொடியில் உருவாகிறது. சுருட்டாத ஆறு சேனலை ஆப்டிக்கல் சுமக்காது. இரண்டு சேனல்தான் சுமக்கும். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் மாதிரி அந்த நொடியிலேயே சுருட்டும் ஒரு வசதி உங்கள் சவுண்ட் கார்டில் இருந்தால்தான் கேமின் பின்சத்தம் ஆப்டிக்கலில் வரும். இல்லையென்றால் மூன்று வயரையே சொருகுங்கள், அல்லது எச்டிஎம்ஐ உள்ள ரிசீவருக்கு (சேனல்களைப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) போங்கள். எச்டிஎம்ஐயில் சுருட்டாமலே எட்டு சேனல் போகும்.

நம்ம பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது: ரேடியோ மெக்கானிக்கிடம் அசெம்பிள் செட் செய்து வாங்குவது. எனக்கு இதில் மதிப்பு அதிகம். பழுதானால் அவரே சரி செய்வார், பெட்டி கனமான மரத்தில் இருக்கும், ஊஃபரை விருப்பம்போல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பேசும்போது தெளிவாகப் பேசுங்கள். "ப்ரோலாஜிக் போர்டு போட்டுத் தரேன்" என்றால் அது இரண்டு சேனலிலிருந்து பின்சத்தத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கும் போர்டு. பழைய பாட்டுக்கு அது இனிமையாகக்கூட இருக்கும். "கம்ப்யூட்டரிலிருந்து ஆறு சேனலும் நேராக வரணும், ஆறு இன்புட் வெளியே வையுங்க" என்று கேளுங்கள், செய்து தருவார்கள். படத்துக்கு மட்டும் என்றால் ஆப்டிக்கல் இன்புட்டோடு சுருட்டிய ஒலியைப் பிரிக்கும் ஒரு டிடிஎஸ் டிகோடர் போர்டு சேர்த்தால் போதும்.

வாட்ஸ் கணக்கில் ஏமாற வேண்டாம். பெட்டி மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்ஸ்) எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அசெம்பிள் செட்டுகளில் பிரபலமான 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியின் டேட்டா ஷீட்டிலேயே இரண்டு சேனலாக ஓட்டினால் தலா 6 வாட்ஸ், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட்ஸ் என்றுதான் இருக்கிறது. அதுவே ஒரு அறையை நிறைக்கும். வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம் ஏறின மாதிரிதான் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 50 வாட்ஸுக்கும் 75 வாட்ஸுக்கும் நடுவில் மனசைப் போட்டு உழப்ப வேண்டாம்.

அறை. இதைப் பேசாமல் ஸ்பீக்கர் பேச்சு முடியாது. நம்ம மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு தரையில் பாலிஷ் போட்ட கல் மின்னுகிறது. மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சிமெண்ட் சுவர். கை தட்டிப் பாருங்கள், "டங்" என்று ஒரு வால் நீளும். அந்த வால் எல்லா வசனத்தின் மேலும் ஏறும். கனமான திரைச்சீலை ஒன்று, தரையில் ஜமக்காளம், உட்காரும் இடத்துக்குப் பின்னால் மெத்தை போட்ட கட்டில் இவ்வளவு போதும், சத்தம் அடங்கும். இந்தச் செலவை ஸ்பீக்கர் பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொன்று, பத்துக்குப் பத்து அறை. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அடித்தொனி அறைக்குள் நின்று வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்த ஒரே தொனி இரட்டிப்பாக வீங்கும். அப்படிப்பட்ட அறையில் சப் ஊஃபரை மூலையில் தள்ளினால் ஒரே "தொம் தொம்"தான், மிருதங்கத்தின் தொப்பியும் லாரி சத்தமும் ஒன்றாகிவிடும். வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் சப் ஊஃபரை வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து மெதுவாக நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் அடித்தொனி ஒரே சீராக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, சப் ஊஃபருக்கு அதுதான் இடம். இரும்பு பீரோ அருகே இருந்தால் வேண்டாம். கதவும் உள்ளே தொங்கும் சாவிக்கொத்தும் சேர்ந்து நடுங்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கி வந்த ஒருவருக்கு, வீட்டுக்குப் போய் பீரோ கதவிடுக்கில் மடித்த அட்டை ஒன்றைச் சொருகியதும் பிரச்சினை தீர்ந்தது.

மற்ற பெட்டிகளுக்குக் கணக்கு எளிது. நேராகப் பார்த்து உட்கார்ந்தால் முன் இரண்டும் இரு பக்கமும் 30 பாகையில், பின் இரண்டும் சுமார் 110 பாகையில். அதாவது பின் ஸ்பீக்கர் முதுகுக்கு நேர் பின்னால் வரக்கூடாது. தோளைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில். முன்பக்கம் காது மட்டத்தில், பின்பக்கம் ஓரிரு அடி உயர்ந்தாலும் பரவாயில்லை. வாங்கும்போது பின் ஸ்பீக்கர் வயரின் நீளத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கதவு நிலையைச் சுற்றி, சுவரோரமாகக் கொண்டு போக எவ்வளவு வேண்டும் என்று வீட்டிலேயே கயிறு பிடித்து அளந்து வாருங்கள். முனையில் ஆர்சிஏ பின் அல்லது கிளிப் இருந்தால் நீட்டிக்கலாம். பெட்டியோடு ஒட்டிய வயர் என்றால் வெட்டித்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது சிவப்பும் கருப்பும் மாறினால் குரல் வெறுமையாகக் கேட்கும், பேஸ் காணாமல் போகும்.

பாட்டுதான் முக்கியம் என்கிறவருக்கு நான் 5.1 பரிந்துரைப்பதில்லை. பாட்டு கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு சேனலில்தான் வருகிறது. ஒரே 8,000 ரூபாயை ஆறு பெட்டிக்குப் பிரிப்பதைவிட நல்ல இரண்டு பெட்டிக்கும் ஒரு சப் ஊஃபருக்கும் கொடுத்தால் காதுக்கு நிம்மதி. கடையில் சோதிக்கக் கடைக்காரர் போடும் டெமோ பாட்டை நம்ப வேண்டாம். அது பேஸுக்காகவே தேர்ந்தது. நான் பென் டிரைவில் ஒரு தெருக்கூத்துப் பதிவைக் கொண்டு போவேன். தருமபுரி பக்கக் கிராமத்தில் பாரதக் கூத்தின்போது பதிந்தது. ஸ்பீக்கரைச் சோதிக்க, கூத்தில் ஊதும் சின்னக் குழலான முகவீணையைப் போல் எதுவும் இல்லை. மட்டமான ட்வீட்டரில் (மேல்தொனிக்கான சின்ன ஸ்பீக்கர்) அது காதைக் கிழிக்கும். நல்லதில் கூர்மையாக இருக்கும், வலிக்காது. ஹார்மோனியமும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சும் நடுத்தொனி. அந்தப் பேச்சு மூக்கடைத்த மாதிரி கேட்டால் அந்த செட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எந்தப் பதிவும் இதற்கு ஆகும்.

படத்துக்கு நடு ஸ்பீக்கர்தான் உயிர், வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். "பாட்டு கேட்குது, பேசுறது மட்டும் கேட்கல" என்று மாதத்துக்குச் சிலராவது போன் செய்வார்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸில் 5.1 என்று அமைத்திருப்பார்கள். வசனமெல்லாம், அவர்களிடம் இல்லாத அந்த நடு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் பிளேபேக், உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்து கான்ஃபிகர். உண்மையில் எத்தனை பெட்டி இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே டெஸ்ட் பட்டனும் உண்டு, ஒவ்வொரு பெட்டியாகச் சத்தம் வரும். நடு ஸ்பீக்கரின் முறையில் சப் ஊஃபர் முனகினால் இரண்டும் மாறியிருக்கிறது. ரியல்டெக்கில் இடம் மாற்ற ஒரு டிக் இருக்கும்.

கேமுக்கு அதிகம் சொல்ல இல்லை. விண்டோஸில் 5.1 சரியாக அமைந்தால் பெரும்பாலான கேம்கள் தானே பிரித்துக் கொடுக்கும். கேமின் ஆடியோ பக்கத்தில் ஹெட்போன் முறை, எச்ஆர்டிஎஃப் போன்றவை ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், அவை காதில் மாட்டுவதற்கானவை. ராத்திரி ஆடும் பிள்ளைகளுக்கு நல்ல ஹெட்போனே போதும். காலடிச் சத்தம் எந்தத் திசை என்று அதில் துல்லியமாகத் தெரியும், வீட்டில் மற்றவர்களும் தூங்கலாம்.

கரண்ட் விஷயம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது "ஊம்ம்" என்ற இரைச்சல் வரும், அது செட்டின் பழுது இல்லை. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் சப் ஊஃபரைச் சொருகாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் மெஷினும் சேர்ந்து அணையும். சாதாரண நேரத்திலும் இரைச்சல் இருந்தால் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே சுவிட்ச் போர்டில், எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

எங்கே வாங்குவது? பெங்களூரு எஸ்.பி. ரோடு இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான், வகைகள் அதிகம், விலையும் பேசலாம். ஆனால் சப் ஊஃபரை பஸ்ஸில் தூக்கி வரும் சிரமத்தோடு, பழுதானால் எங்கே கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். சர்வீஸ் சென்டர் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உண்டா, ஓசூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டுமா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். ரிமோட்டும், மேசை மேல் வைக்கும் சத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியான கன்ட்ரோல் பாடும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அவை போனால் நல்ல செட்டும் முடங்கிவிடும். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும் வரை பரண் மேல் போட்டு வையுங்கள், பார்சலில் அனுப்ப நேர்ந்தால் அது இல்லாமல் சப் ஊஃபர் முழுசாகப் போய்ச் சேராது.