பிசிஓஎஸ் இருக்கா? தட்டிலிருந்து ஆரம்பிங்க

பிசிஓஎஸ்னா ஹார்மோன் கோளாறால மாதவிடாய் தள்ளிப்போற பிரச்சினை. இதுல பலருக்கு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துற இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதான் சாப்பாட்டுல கவனம் வேணும். சோத்தை அடியோட விட்டுடாதீங்க, அளவை மாத்துங்க. பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, மீதியில மீனோ முட்டையோ சுண்டலோ. நான் கீரைப் பொரியலையும் மீனையும் முதல்ல சாப்பிட்டுட்டு, கடைசியாத்தான் சோத்துல கை வைப்பேன். அப்படிச் சாப்பிட்டா ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறாது. கடலூர்ல இருந்துகிட்டு மீனுக்கா பஞ்சம்? மத்தி வாங்கி, புளி கரைச்சுக் குழம்பு வைங்க. எண்ணெய்ல பொரிக்க வேணாம். கேழ்வரகுன்னாலே நல்லதுன்னு கஞ்சியா கரைச்சுக் குடிக்கிறாங்க. அதுவும் சர்க்கரையை ஏத்தும். முருங்கைக்கீரை போட்டு அடையா தட்டுங்க. டீக்கு வெல்லம் போட்டாலும் அது இனிப்புதான்.

சாயங்காலம் சில்வர் பீச்சுல நடங்க. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம். ரெண்டு நாள் நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சியும் செய்யுங்க, தசை இன்சுலினை நல்லா பயன்படுத்தும். உடம்பு கூடியிருந்தா, 70 கிலோவுல மூணரைக் கிலோ குறைஞ்சாலே பலருக்கு மாதவிடாய் சீராகுது. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வரும், அவங்களும் நடக்கணும்.

"கல்யாணமானா சரியாயிடும்"னு சொல்ற சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு சும்மா இருக்காதீங்க. மாதவிடாய் தேதியைக் காலண்டர்ல குறிங்க. 3 மாசமா வரலைன்னா டாக்டரைப் பாருங்க. வராமலே விட்டா கருப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். டாக்டர் மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தா சாப்பாட்டோட போடுங்க, குமட்டல் குறையும்.